பரண்மேல் உறங்கும் முதல்

போகிப் பண்டிகையன்று பரணை ஒழிப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு நடந்துவரும் வழக்கம். 2024-ஆம் வருஷத்துப் போகிக்கு நான் என் தங்கையின் வீட்டில் இருந்தேன். அவள் கணவர் ஏணி போட்டு ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தகரப் பெட்டிகளை இறக்கினார். திறந்து பார்த்தோம். பழந்துணியோ ஓட்டைப் பாத்திரமோ அல்ல. நூற்கண்டுகள், பாசிமணிப் பொட்டலங்கள், சமிக்கி, ஜரிகை, குந்தன் கற்கள், லேஸ் நாடா, கம்பளி நூல் உருண்டைகள். பாதிக்குமேல் கட்டுப் பிரிக்காதவை.

"யாருக்காவது கொடுத்துடலாமா, அக்கா? பார்த்தாலே வயிற்றெரிச்சலா இருக்கு" என்றாள் தங்கை.

அந்த வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. 2020-இல் கொரோனா நோயின் பொருட்டு ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாளில், அவள் கைபேசி வழியாகவே ஆரி வேலை கற்றுக்கொண்டாள். மறு வருஷத் தொடக்கத்தில் இரண்டு தங்க வளையல்களை அடகு வைத்து 45,000 ரூபாய் பெற்று, சட்டமும் ஊசியும் சாமான்களும் வாங்கிக் கல்யாண ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்துகொடுக்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் வேலை நன்றாகவே நடந்தது. 25,000 ரூபாய் கட்டி ஒரு வளையலை மீட்டும்விட்டாள். பிறகு அதே தெருவில் கம்ப்யூட்டர் யந்திரத்தினால் பூவேலை செய்யும் கடை ஒன்று வந்தது. அவளுக்குக் கழுத்து வலியும் வந்தது. இரண்டில் எது வேலையை நிறுத்தியது என்று இன்றும் அவளால் சொல்ல முடியவில்லை. மற்றொரு வளையல் 20,000 ரூபாய்க் கடனோடு அடகுக் கடையிலேயே இருந்தது. வருஷந்தோறும் வட்டியை மட்டும் கட்டித் தவணையைப் புதுப்பித்து வந்தாள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை பார்ப்பவள். ஆகையால் நான் முதலில் கேட்டது, "ரசீதுகள் இருக்கின்றனவா?" என்பதே. ஒரு பிஸ்கோத்து டப்பாவில் அத்தனையையும் பத்திரமாய் வைத்திருந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து, பெட்டியில் இருந்ததையும் ரசீதில் இருந்ததையும் ஒத்துப் பார்த்தோம். மிச்சச் சாமான்களின் கொள்முதல் விலை 23,600 ரூபாய். அதாவது, பரண்மேல் கிடந்தது குப்பையல்ல. அடகில் இருந்த வளையலேதான் வேறு உருவத்தில் அங்கே உறங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவு மிச்சம் எப்படி உண்டாகிறது? கைவேலை செய்யும் ஸ்திரீகளை ஊதாரிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் குற்றம் பெரும்பாலும் பொட்டலத்தின் அளவில் இருக்கிறது. ஒரு ரவிக்கைக்கு ஒரு நிறத்து மணி அரைக் கைப்பிடி போதும். மொத்தக் கடையில் கிடைப்பதோ அதைப்போல் பத்து மடங்கு. சென்னைப் பாரிமுனைச் சந்துகளிலும் சௌகார்ப்பேட்டையிலும் கொள்முதல் செய்தவர்களுக்கு இது தெரியும். சில்லறைக் கடையில் சிறு பொட்டலம் வாங்குகிற விலைக்கு அங்கே பெரிய பொட்டலமே கிடைக்கும். ஆகையால் பெரியதை வாங்குகிறோம். ஒரு நிறம் மட்டும் போதாது. மணப்பெண்ணின் புடவை எந்த நிறமாய் இருக்குமோ? ஆகையால் இருபது நிறம். நடுவேலையில் நூல் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தினால் ஒவ்வொன்றிலும் இரண்டு. இவையெல்லாம் போக, "என்றைக்காவது செய்வோம்" என்று ஆசைப்பட்டு வாங்குவதும் உண்டு. அதற்கு எந்தக் கணக்கும் இல்லை. நானும் அப்படி வாங்கிய புத்தகங்கள் வைத்திருக்கிறேன். ஆகையால் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன்.

இந்த விஷயத்தில் மேல்நாட்டார் நம்மைவிடப் பழுத்தவர்கள். பின்னல்காரர்கள் கூடும் 'ராவல்ரி' என்ற இணையத் தளத்தை ஓர் அமெரிக்கத் தம்பதியர் 2007-இல் தொடங்கினார்கள். அதில் அவரவர் தம்மிடமுள்ள நூலை நிறம், எடை, லேபில் எண் முதலான விவரங்களோடு பதிந்து வைத்து, விரும்பினால் 'விற்கவோ மாற்றவோ தயார்' என்று குறித்துக்கொள்ளலாம். வீட்டில் குவித்து வைத்த கையிருப்பை அவர்கள் 'ஸ்டாஷ்' என்கிறார்கள். அதைக் கழித்து விற்பதற்கு 'டிஸ்டாஷ்' என்று பெயர். ஓர் ஆயுளுக்குள் உபயோகித்துத் தீர்க்க முடியாத அளவுக்குச் சேர்ந்துவிட்ட நூலுக்கு அவர்கள் ஒரு பரிகாசப் பெயரும் வைத்திருக்கிறார்கள்: 'ஸேபிள்'. நம் ஊரில் பெயர் வைக்கவில்லையே ஒழிய, பொருள் இருக்கிறது. 2005-இல் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் தோன்றிய 'எட்ஸி' என்ற இணையச் சந்தையில் கைவினைப் பொருள்களோடும் இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருள்களோடும் கைவேலைச் சாமான்களையும் விற்க இடம் உண்டு. அங்கே கடை போடுகிறவர்களில் பலர் பெட்டியைக் காலி செய்ய வந்த குடும்ப ஸ்திரீகளே.

ஆனால் நாங்கள் முதலில் இணையத்துக்குப் போகவில்லை. சாமான் வாங்கிய கடைகளில் ஒன்றுக்கே மூன்று பெட்டிகளையும் கொண்டுபோனோம். கடைக்காரர் மேலாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சேர்த்து மூவாயிரம் தரேம்மா" என்றார். அவர்மேல் கோபமில்லை. அவருக்கு வேண்டியது ஒரே நிறத்தில் நூறு பொட்டலம். எங்களிடம் இருந்ததோ நூறு நிறத்தில் ஒவ்வொரு பொட்டலம். இருந்தாலும் அந்த 3,000 ரூபாயை நான் குறித்துவைத்துக்கொண்டேன். பிற்பாடு எங்கள் கணக்குக்கு அதுவே அளவுகோலாயிற்று.

பிறகு தங்கை தன் கைபேசியில் பெட்டியைத் திறந்தபடியே ஒரு படம் எடுத்து, 'கைவேலைச் சாமான்கள் மலிவு விலையில்' என்று எழுதி, வாட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக்கிலும் போட்டாள். பதினைந்து நாளில் வந்த விசாரணை நாலு. மூன்று பேர் 'கடைசி விலை என்ன?' என்று மட்டும் கேட்டு மறைந்துபோனார்கள். நாலாவது அம்மாள் திருச்சியிலிருந்து வானநீலக் கம்பளி நூல் ஐந்து உருண்டை வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. அழகாகப் பின்னிய சால்வை. ஆனால் நடுவில், யாரோ கோடு கிழித்தாற்போல, நீலம் சற்று மங்கி ஓடியது. ஐந்து உருண்டையில் இரண்டு வேறு சாயத்தைச் சேர்ந்தவை. எங்களுக்கு அது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். தங்கை முழுப் பணத்தையும் திருப்பி அனுப்பினாள்.

இங்கே சாயத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஆலையில் நூலைத் தொட்டி தொட்டியாகச் சாயம் ஏற்றுகிறார்கள். ஒரே நிறம், ஒரே அளவு மருந்து என்றாலும் ஒரு தொட்டியில் ஏறினாற்போல மறு தொட்டியில் ஏறுவதில்லை. உருண்டைகளைத் தனித்தனியே பார்த்தால் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் பின்னிவிட்டால் தெரிந்துவிடும். ஆகையால் நல்ல கம்பெனிகள் உருண்டையைச் சுற்றியுள்ள காகிதப் பட்டையில் நிறத்தின் எண்ணை ஓரிடத்திலும், எந்தத் தொட்டி என்று காட்டும் 'லாட்' எண்ணை வேறிடத்திலும் அச்சிடுகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் உருண்டையைப் பிரித்தவுடன் செய்கிற முதல் காரியம் அந்தப் பட்டையைக் கிழித்து எறிவதுதான்!

திருச்சி அம்மாளின் சால்வைதான் எங்களுக்கு வழி காட்டியது. நூலின் பெயரையும் லாட் எண்ணையும் அறியாமல் விற்றதனால் ஒருவருக்கு நஷ்டம் வருமானால், அறிந்து விற்றால் லாபம் வரவேண்டும் அல்லவா? மூன்று பெட்டியையும் மறுபடி கொட்டினோம். பட்டை உள்ளவை ஒருபுறம், இல்லாதவை ஒருபுறம். பட்டை உள்ள ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின்மேல் வைத்துத் தனித்தனியே படம் எடுத்தோம். கம்பெனி, நிறத்தின் எண், லாட் எண், எடை, எந்த வருஷம் வாங்கியது, பிரித்ததா பிரிக்காததா என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதினோம். மணிகளைத் தராசில் நிறுத்துக் கிராம் கணக்கில் எழுதினோம். அரை வருஷ விடுமுறை முழுவதும் இதிலேயே போயிற்று.

பலன் ஒரு வாரத்தில் தெரிந்தது. கோயமுத்தூரில் ஒருவர் பேரக் குழந்தைக்குப் போர்வை பின்னிக்கொண்டிருந்தார். முக்கால் பங்கு ஆன பிறகு இரண்டு உருண்டை குறைந்துபோயிற்று. கடையில் அதே நிறத்துக்கு வேறு லாட்தான் இருந்தது. எங்கள் பட்டியலில் தம்முடைய லாட் எண்ணையே கண்டவுடன், நாங்கள் போட்ட விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் உருண்டை 85 ரூபாய்க்கு வாங்கியதற்கு 140 ரூபாய் போட்டிருந்தோம். பணத்தை அனுப்பிவிட்டு, "இன்றே தபாலில் போட முடியுமா?" என்றுதான் கேட்டார். அந்த இரண்டு உருண்டைகள் அவருக்கு வெறும் நூலல்ல. இரண்டு மாத உழைப்பைக் காப்பாற்றும் பொருள். உபரிச் சாமானில் லாபம் பிறக்கும் இடம் இதுவே. மலிவாகக் கொடுப்பதனால் அது பிறப்பதில்லை. ஒருவரிடம் எஞ்சியதும் மற்றொருவரிடம் குறைந்ததும் ஒன்றேதான் என்று இரண்டு பேருக்கும் தெரியப்படுத்துவதனால் பிறக்கிறது.

பூவேலை நூலுக்கும் இதே நியாயம். பிரான்ஸ் தேசத்து டி.எம்.ஸி. கம்பெனி 1746-இல் மூல்ஹௌஸ் நகரத்தில் தோன்றியது. அதன் ஆறிழைப் பருத்தி நூற்கண்டு ஒன்றின் நீளம் 8 மீட்டர், நிறம் ஐந்நூறு. உலகத்தில் எந்த மூலையில் வாங்கினாலும் அந்த நிறத்துக்கு அந்த எண்தான். ஆகையால் எண் இருக்கிற கண்டுக்கு எங்கும் மதிப்புண்டு. நம் வீடுகளில் அதிகம் பழகியது ஆங்கர் நூல். அதற்கு வேறு எண் வரிசை. ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடும் அட்டவணைகள் கிடைக்கின்றன, ஆனால் அவை ஏறக்குறைய என்ற அளவுக்கே சரி. ஆங்கர் என்றவுடன் மதுரா கோட்ஸ் ஞாபகம் வருகிறது. அதன் பூர்வோத்தரமோ ஹார்வி கம்பெனியாரின் மதுரை ஆலை. அதே ஹார்வி கம்பெனியாரின் தூத்துக்குடிக் கோரல் மில்லில்தான் 1908-ஆம் வருஷம் பிப்ரவரிக் கடைசியில், வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஊக்கமளிக்கத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து மார்ச்சு மாத முதல் வாரத்தில் வெற்றி கண்டார்கள். என் வகுப்புப் பெண்களிடம் நூற்கண்டு ஒன்றைக் காட்டி இந்தக் கதையைச் சொன்னபோது, சரித்திர வாத்தியாருக்கு என்மேல் ஸ்வல்பம் கோபம்.

எங்கள் பெட்டியில் எதிர்பாராத அதிர்ஷ்டமும் ஒன்று இருந்தது. ஆஸ்திரியாவில் வாட்டென்ஸ் என்ற ஊரில் 1895-இல் தோன்றிய ஸ்வரோவ்ஸ்கி கம்பெனியார் பட்டை தீட்டிய கண்ணாடிக் கற்களுக்குப் பெயர்பெற்றவர்கள். கைவேலைக்காரர்களுக்கு உதிரிக் கல் விற்பதை நிறுத்தப்போவதாக 2020-இல் அறிவித்து, மறு வருஷம் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு கம்பெனி உறையோடு எஞ்சியிருக்கும் கற்களைத் தேடி வாங்குகிறவர்கள் ஏற்பட்டார்கள். 144 கற்கள் கொண்ட ஒரு குரோஸ் உறை தங்கையிடம் இருந்தது. 900 ரூபாய்க்கு வாங்கியது 1,700 ரூபாய்க்குப் போயிற்று. ஆனால் அதே பெட்டியில் 'ஸ்வரோவ்ஸ்கி' என்று கடைக்காரர் வாயால் மட்டும் சொல்லி விற்ற கற்கள் மூன்று பொட்டலம் இருந்தன. உறையில்லை, முத்திரையில்லை. அவற்றையும் அந்தப் பெயரால் விற்றிருக்கலாம், யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? தங்கை அவற்றைக் 'கண்ணாடிக் கற்கள்' என்று எழுதி, பொட்டலம் 60 ரூபாய் என்று போட்டாள். ஒன்று விற்றது.

எதிரிடையான பாடத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1943 முதல் துணியும் கைவேலைச் சாமானும் விற்றுவந்த ஜோஆன் கம்பெனி திவாலாகி, ஏறக்குறைய எண்ணூறு கிளைகளையும் 2025-ஆம் வருஷம் மே மாதத்துக்குள் மூடிவிட்டது. மூடுவதற்கு முன் எல்லாச் சாமானையும் கழிவு விலைக்குத் தள்ளினார்கள். புதுச் சாமானே கழிவு விலைக்குக் கிடைக்கும் நாளில், பழைய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யார் வருவார்கள்? விற்கும் பருவம் என்று ஒன்று உண்டு. நம் பக்கத்தில் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒன்றரை மாதம் முந்தி ஆரிச் சாமான் நன்றாகப் போகிறது. முகூர்த்தம் தொடங்கியபின் யாரும் கேட்பதில்லை.

பெயரைப் பற்றிச் சொன்னேன். இந்த வியாபாரத்தில் பொய் பேசாமலே பொய் சொல்லும் வழிகள் பல இருக்கின்றன. 'சில்க் திரெட்' என்று வளையலுக்கும் ஜிமிக்கிக்கும் சுற்றுகிறோமே, அது பெரும்பாலும் பட்டே அல்ல; மரக்கூழிலிருந்து செய்த ரேயான் இழை. தட்டின்மேல் இரண்டு இழையைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பட்டாயின் முடி பொசுங்கும் நாற்றம் வரும். எஞ்சிய கரி விரலில் பொடியாகும். ரேயான் காகிதத்தைப்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். நெருப்பில் உருகிக் கெட்டிக் குமிழானால் அது பாலியெஸ்டர். 'உல்லன்' என்று மலிவாய் விற்கும் உருண்டைகளும் பெரும்பாலும் ஆட்டு ரோமத்தைக் காணாத அக்ரிலிக் நூலே. நாங்கள் ரேயானை ரேயான் என்றும் அக்ரிலிக்கை அக்ரிலிக் என்றும் எழுதினோம். இதனால் இரண்டொருவர் வராமல் போனார்கள். வாங்கியவர்களில் பலர் மறுபடி வந்தார்கள். கறுத்துப்போன ஜரிகை, மேற்பூச்சு உரிந்த முத்து, இழுத்தால் அறுகிற எலாஸ்டிக், இறுகிப்போன பசை இவற்றை எந்தப் பெயராலும் விற்கக் கூடாது.

விலை போடுவதில்தான் எனக்கும் தங்கைக்கும் உண்மையான சண்டை வந்தது. "முந்நூறு கொடுத்து வாங்கினேன் அக்கா, இருநூறுக்கு எப்படிக் கொடுப்பேன்?" என்பாள். கொடுத்த முந்நூறு கடைக்காரருடைய கல்லாவுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. நாம் இருநூறுக்கு விற்றாலும் விற்காமல் வைத்திருந்தாலும் அது திரும்பி வராது. இன்று கேட்கவேண்டிய கேள்வி, இந்தப் பொட்டலத்தை இன்று வேறொருவர் என்ன விலைக்கு வாங்குவார், அந்தப் பணம் கையில் வந்தால் என்ன செய்யும் என்பதே. அடகுக் கடை வட்டி, பெட்டிக்குள் இருக்கும் மணிக்காகக் காத்திருப்பதில்லை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் நாற்பது பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. தான் ஆசையாய்த் தேர்ந்தெடுத்த மயில்நீல மணிகளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு விளக்குவது அவ்வளவு எளிதல்ல. ஒரு நாள் அவள் அழுதுவிட்டாள். அந்தப் பொட்டலத்தை மாத்திரம் விற்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

தபால் செலவு லாபத்தை விழுங்கும் பெரிய வாய். 20 கிராம் மணியின் விலை 40 ரூபாய் என்றால், அதை அனுப்பும் கூலி அதற்கு மேல் ஆகிவிடுகிறது. குறைந்தபட்ச எடைக்கு உரிய கூலியைக் கொடுத்தே தீரவேண்டும். இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒரு ரவிக்கைக்கு வேண்டிய மணி, சமிக்கி, ஜரிகை நூல் யாவற்றையும் நிறப் பொருத்தம் பார்த்து ஒரே சிப்பமாகக் கட்டுவது. தனித்தனியே போகாத பொட்டலங்கள் ஜோடி சேர்ந்தபின் போய்விட்டன. கூலியை வாங்குபவரே ஏற்கவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டோம். இணையச் சந்தைகளின் கமிஷனையும் கவனிக்க வேண்டும். எட்ஸியில் ஒரு சாமானைப் பட்டியலில் போட 20 சென்ட். விற்றால் 2022 முதல் நூற்றுக்கு ஆறரை விகிதம், அதுவும் தபால் கூலியையும் சேர்த்த தொகையின்மேல். உள்ளூரில் நேருக்கு நேர் விற்றால் இந்தச் செலவு இல்லை. ஆனால் வாங்குவோர் சொற்பம்.

மோசக்காரர்களும் வராமலில்லை. ஒருவர் 4,000 ரூபாய்ச் சாமானைப் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு க்யூ.ஆர். கட்டத்தின் படத்தை அனுப்பி, "இதைக் கைபேசியில் காட்டி உங்கள் இரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்" என்றார். தங்கை எண்ணைப் போட விரலை வைத்துவிட்டாள். அவள் பெண், எட்டாம் வகுப்புக் குழந்தை, "பணம் வாங்கறதுக்கு எதுக்கும்மா பின் நம்பர்?" என்று கேட்டது. யு.பி.ஐ. முறையில் பணம் கொடுக்கத்தான் இரகசிய எண் வேண்டும். பெறுவதற்கு ஒருபோதும் வேண்டியதில்லை. இதை வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நலம்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இதையே தொழிலாக நடத்துகிறவர்களுக்கு, தமிழ்நாட்டில் சரக்கு விற்பனை மாத்திரம் வருஷத்துக்கு 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. முன்பு இணையச் சந்தை மூலம் விற்றால் எவ்வளவு சிறிய வியாபாரியும் பதிந்தாக வேண்டும் என்றிருந்தது. மாகாணத்துக்குள்ளேயே விற்பவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். பிற மாகாணத்துக்குச் சரக்கு அனுப்பி வியாபாரம் செய்வதானால் பதிவு அவசியம். ஆகையால் பெங்களூரிலிருந்து விசாரணை வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஆடிட்டர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. பதினான்கு மாதம் விற்றோம். பட்டையும் எண்ணும் உள்ளவை, உறை பிரிக்காதவை, இப்போது கடையில் கிடைக்காதவை இவற்றின் கொள்முதல் 6,200 ரூபாய், விற்றது 8,450. லாபம் 2,250. சாதாரணச் சாமான்களின் கொள்முதல் 11,400, விற்றது 7,900. நஷ்டம் 3,500. பெயர் தெரியாத நூல், கலந்துபோன மணி ஆகியவற்றின் கொள்முதல் 6,000, விற்கவேயில்லை. வந்த தொகை 16,350. உறை, அட்டைப் பெட்டி, ஒட்டு நாடா 640 போக எஞ்சியது 15,710. வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் நஷ்டம்தான். ஆனால் கடைக்காரர் தருவதாகச் சொன்ன 3,000 ரூபாயோடு ஒப்பிட்டால் 12,710 ரூபாய் அதிகம். இந்த வித்தியாசம் முழுவதும் எங்கள் கூலி. தராசுக்கும் லேபிலுக்கும் கிடைத்த கூலி. விற்காமல் நின்ற 6,000 ரூபாய்ச் சாமானும், தரத்தில் விற்றதற்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. பட்டையைக் கிழித்து எறிந்த அன்றே அதன் மதிப்பும் போய்விட்டது.

இதோடு நின்றிருக்கலாம். தங்கை நிற்கவில்லை. "நம்முடையதை விற்கத் தெரிந்தபின் மற்றவர்களுடையதை வாங்கி விற்றால் என்ன?" என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வேலையை விட்ட ஒரு பெண்ணின் சாமான்களை 2,500 ரூபாய்க்கு வாங்கினாள், 3,400-க்கு விற்றாள். உற்சாகம் தலைக்கேறி, அடுத்து 4,000 ரூபாய்க்கு ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கினாள். பாதிக்குமேல் பட்டையில்லாத நூல். இதுவரையில் 1,700 ரூபாய்தான் வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து 1,400 ரூபாய் கைநஷ்டம். காலியான தகரப் பெட்டியில் இந்த மூட்டை போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கணவர் சொன்னார். அதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

எண்ணும் பெயரும் இல்லாத நூலையும் மணியையும் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மகாநாட்டில், கைத்தொழிலை நடுவில் வைத்து அதிலிருந்தே மற்றப் பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தத் திட்டம் தேசத்தில் வேரூன்றவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புப் பெண்கள் கலந்துபோன மணிகளை நிறவாரியாகப் பிரித்து, பத்துக் கிராமில் எத்தனை மணி என்று எண்ணி, பொட்டலத்தில் எத்தனை இருக்கும் என்று விகிதக் கணக்குப் போட்டபோது, நான் இருபது வருஷமாய்ப் பாடபுத்தகத்தை வைத்துக்கொண்டு பட்ட பாடு பாதியாகக் குறைந்தது. அவற்றில் சில ஜப்பானில் ஹிரோஷிமாப் பக்கத்திலிருந்து வந்தவை, சில செக் நாட்டு யாப்லோனெட்ஸிலிருந்து வந்தவை, பல சீனாவிலிருந்து வந்தவை. நம் நாட்டிலும் ஐக்கிய மாகாணம் என்று முன்பு பெயர் பெற்றிருந்த உத்தரப் பிரதேசத்தில், பிரோசாபாத்தில் வளையலும் புர்தில்நகரில் கண்ணாடி மணியும் கையால் செய்கிறார்கள். "அப்புறம் ஏன் டீச்சர் பெட்டியில் அது ஒன்றுகூட இல்லை?" என்று ஒரு பெண் கேட்டாள். தங்கையின் ரசீதுகளை மறுபடி புரட்டிப் பார்த்தேன். அவள் கேட்டது சரிதான்.

வளையல் இன்னும் வரவில்லை. 15,710-இல் மூட்டை நஷ்டம் போக 14,310 ரூபாயை அடகுக் கடனில் கட்டியாயிற்று. அசலில் இன்னும் 5,690 குறைகிறது. தவணை தை மாதம் முடிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது நாகர்கோவிலிலிருந்து ஒரு விசாரணை வந்தது. இளஞ்சிவப்பு, லாட் எண் இன்னது, மூன்று உருண்டை இருக்குமா? பட்டியலில் அது இல்லை. தங்கை சிறிது யோசித்தாள். பிறகு அந்த நாலாயிரம் ரூபாய் மூட்டையை இழுத்துப்போட்டு, தரையில் உட்கார்ந்து, ஒவ்வோர் உருண்டையாய்ப் பட்டை இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.